பழைய குறோனோகிராப் கைமணிக்கூடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பற்றறி இல்லாமல் சுருளின் விசையில் ஓடும் பழைய குறோனோகிராப் மணிக்கூடுகளை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இருபது வருடமாகச் சேர்த்து வருகிறேன். என் கையைப் பார்த்து பஸ்ஸில் கேட்பவர்கள், அப்பாவின் அலுமாரியில் ஒன்று கிடக்கிறது என்று கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள், முதன்முதலாக ஒன்று வாங்க நினைக்கிற பெடியள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் அவசரமாக அரைகுறைப் பதில் சொல்வதைவிட ஆறுதலாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

குறோனோகிராப் என்றால் என்ன? குறோனோமீற்றரும் அதுவும் ஒன்றா?

இல்லை. குறோனோமீற்றர் என்பது நேரம் பிசகாமல் ஓடுகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கப்பட்ட மணிக்கூடு. குறோனோகிராப் என்பது நேரம் காட்டுவதோடு ஒரு ஸ்ரொப் வோச்சையும் வயிற்றுக்குள் வைத்திருக்கிற மணிக்கூடு. சாவிக் குமிழுக்கு மேலும் கீழும் பட்டன்கள் இருக்கும். முகப்பில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று சின்ன வட்டங்கள் இருக்கும். ‘நேரத்தை எழுதுவது’ என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா றியூசெக் பயன்படுத்திய கருவி உண்மையாகவே முகப்பில் மைப்புள்ளி வைத்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது? அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒருமுறை பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர் இந்தக் கேள்வியை மறுபடி கேட்கமாட்டார். நல்ல பழைய குறோனோகிராப்பின் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் நிற்கும். அதன்மேல் ஆறு அல்லது ஏழு குட்டித் தூண்கள் வட்டமாக நிமிர்ந்து நிற்கும். கோயில் மண்டபத்தை ஒரு பயறளவுக்குச் சுருக்கிவைத்தது போல. தூண் சக்கரம் என்று சொல்வோம். மேல் பட்டனை அமத்தினால் அந்தச் சக்கரம் ஒரு படி திரும்பும். இதுவரை தூணில் சாய்ந்திருந்த நெம்புகோலின் நுனி இரண்டு தூண்களுக்கு நடுவே விழும். உடனே ஒரு பற்சக்கரம் நகர்ந்து நடுச் சக்கரத்தோடு கடிபடும், நீள முள் ஓடத் தொடங்கும். மறுபடி அமத்தினால் நுனி தூணில் ஏறும், கடி விடுபடும், முள் நிற்கும்.

கீழ்ப் பட்டனை அமத்தும்போது நடப்பது இன்னும் அழகு. முள்ளின் தண்டில் இதய வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. சுத்தியல் போன்ற ஒரு துண்டு வந்து அதன் விளிம்பில் அடிக்கிறது. இதய வடிவம் என்பதால் எந்த இடத்தில் அடி விழுந்தாலும் தகடு வழுக்கிக்கொண்டு அதன் பள்ளமான இடத்துக்கே வந்து நிற்கும். அங்கே முள் சரியாக பன்னிரண்டில் நிற்கும். அடொல்ப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. 180 வருடமாக அதைவிட நல்ல வழி வரவில்லை.

தூண் சக்கரத்தைச் செய்வது கடினம், செலவும் கூட. அதனால் அதற்குப் பதிலாக வெட்டி எடுத்த தட்டையான தகடுகளை வைத்தும் செய்தார்கள். லான்டெரோன் 48, வல்ஜூ 7733 என்ற சுவிஸ் இயந்திரங்கள் எல்லாம் அந்த வகை. பட்டன் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஆனால் உழைப்பில் குறைந்தவை என்று நினைக்க வேண்டாம்.

எந்தக் காலத்து மணிக்கூட்டைப் ‘பழையது’ என்று சேர்க்கிறீர்கள்?

நான் 1930களில் தொடங்கி 1970களின் கடைசியோடு நிறுத்துகிறேன். லோஞ்சீன்ஸ் 1913இலேயே கைமணிக்கூட்டுக்கென்று 13.33இசெட் என்ற குறோனோகிராப் இயந்திரத்தைச் செய்துவிட்டது. அப்போது ஒரே பட்டன்தான். தொடக்கம், நிறுத்தம், பூச்சியம் எல்லாம் அதற்கே. 1934இல் பிறைட்லிங் இரண்டாவது பட்டனைக் கொண்டுவந்த பிறகுதான் நிறுத்திவிட்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து ஓடவிட முடிந்தது. நாம் இன்று காண்கிற உருவம் அப்போது வந்தது.

1969 ஒரு விசித்திரமான ஆண்டு. தானாகச் சாவி ஏறும் குறோனோகிராப்பை முதலில் யார் செய்வது என்ற போட்டியில் ஜனவரியில் செனித் தன்னுடையதை அறிவித்தது. மார்ச்சில் ஹொயர், பிறைட்லிங் கூட்டணி அறிவித்தது. மே மாதம் சீக்கோவின் 6139 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜூலையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் நிலவுக்குப் போய்வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி சீக்கோ முதலாவது குவாட்ஸ் (பற்றறியில் ஓடும்) கைமணிக்கூட்டை விற்கத் தொடங்க, அடுத்த பத்து வருடத்துக்குள் இந்தக் கலை கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. செனித்தில் 1975இல் எல் பிறிமேறோ என்ற அந்தத் தானாகச் சாவி ஏறும் குறோனோகிராப் இயந்திரத்தின் தயாரிப்பை நிறுத்தி, கருவிகளைத் தள்ளிவிடச் சொன்னபோது சார்ள்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி அவற்றை ஒவ்வொன்றாக மேல்மாடிக்குக் காவிக்கொண்டு போய் ஒளித்துவைத்தார். பின்னால் அந்த இயந்திரம் மீண்டும் உயிர்த்தது அவரால். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது எதைப் புதைப்பது, எதைக் கையில் எடுப்பது என்று யோசித்த நமக்கு வெர்மோவின் மனம் நன்றாகவே விளங்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இவை எப்படி வந்தன?

மூன்று வழியாக. முதலாவது மலாயா. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பிவந்தார்கள். ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊரில் பெயர். அவர்கள் கையோடு வந்த மணிக்கூடுகளில் சில, 1940களையும் 1950களையும் சேர்ந்த சுவிஸ் குறோனோகிராப்கள். இரண்டாவது கப்பல். வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் கப்பலுக்குப் போனவர்கள் இல்லாத தெரு குறைவு. துறைமுகக் கடைகளில் வாங்கிய தங்கக் கூட்டு மணிக்கூடுகள் அப்படி வந்தவை. மூன்றாவது 1977க்குப் பிறகு. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். சீக்கோவும் சிட்டிசனும் அந்தப் பெட்டிகளில் வந்து இறங்கின. கிழமை காட்டும் இடத்தில் அரபு எழுத்து உள்ள சீக்கோவைக் கண்டால் அது எங்கே வாங்கப்பட்டது என்று கேட்கவே தேவையில்லை.

இவை இவ்வளவு காலம் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீட்டில் அலுமாரிக்குள் கிடந்த சாவி மணிக்கூடு மறுபடி கைக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது கையில் கட்டியிருந்தது என்பதற்காகவே தப்பிய மணிக்கூடுகளை நான் கண்டிருக்கிறேன்.

அப்பப்பாவின் மணிக்கூடு ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். ஆவலில் சாவியை முறுக்கிப் பட்டன்களை அமத்திப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. முப்பது வருடம் சும்மா கிடந்த மணிக்கூட்டில் எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் உருக்குத் தண்டுகள் அவை சுழலும் துளைகளோடு உராய்ந்து தேயும். ஒரு மெல்லிய துணியால் வெளியே துடையுங்கள். முகப்பு, பின்மூடி, பட்டி, பட்டியின் கொளுவி எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெட்டியோ பற்றுச்சீட்டோ இருக்கிறதா என்று அதே அலுமாரியைத் தேடுங்கள். பழைய பட்டி அழுகியிருந்தாலும் எறியாதீர்கள். பிறகு திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள்.

தங்கக் கூடு என்றால் நகைக் கடையில் கொடுத்தால் நல்ல காசு வருமே?

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. துறைமுகங்களில் விற்ற அந்த 18 கரட் குறோனோகிராப்களின் முகப்பில் பெரும்பாலும் கொம்பனிப் பெயர்கூட இருக்காது, ‘குறோனோகிராப் சுவிஸ்’ என்று பிரெஞ்சில் மட்டும் இருக்கும். பின்மூடியில் சின்னதாக ஒரு பெண் தலை முத்திரை இருந்தால் அது சுவிஸ்காரரின் 18 கரட் முத்திரை. பார்வைக்குப் பெரிய பொன் மணிக்கூடு. ஆனால் தங்கம் மெல்லிய தகடு. உட்பக்கத்து மூடி பல நேரங்களில் பித்தளை. கஸ்தூரியார் வீதியில் இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிறுக்கும்போது நீங்கள் நினைத்த பவுன் வராது. அந்தக் காசுக்காக எழுபது வருட மணிக்கூடு உருகிப்போகும். உலகம் முழுவதும் இந்த வகை மணிக்கூடுகள் அப்படித்தான் அழிந்தன. கூடு இல்லாமல் தனித்துப்போன இயந்திரங்கள் மூன்று என் லாச்சிக்குள் இருக்கின்றன.

மேல் பட்டனை அமத்தினால் ஓடுகிறது, மறுபடி அமத்தினால் நிற்கவில்லை. பழுதா?

லான்டெரோன் 48 ஆக இருக்கலாம். அதில் மேல் பட்டன் தொடக்க மட்டும்தான். கீழ்ப் பட்டனை ஒருமுறை அமத்தினால் நிற்கும், மறுமுறை அமத்தினால் பூச்சியத்துக்கு வரும். நல்ல மணிக்கூட்டைப் பழுது என்று சொல்லி விற்றவர்களையும் கண்டிருக்கிறேன். மற்ற வகைகளில் முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பட்டனைப் பலமாக அமத்தக்கூடாது. முதலில் நிறுத்த வேண்டும்.

முதல் மணிக்கூடாக எதை வாங்கலாம்?

இங்கே இருப்பவருக்கு என் பதில் சீக்கோ 6139. ஊரில் கிடைக்கும், திருத்தலாம், உதிரிப்பாகம் எடுக்க இன்னொரு பழுதான 6139ஐயும் தேடிக்கொள்ளலாம். அதன் உள்ளே தூண் சக்கரம் இருக்கிறது. மஞ்சள் முகப்பு உள்ள ஒன்றை அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலாப் பயணத்தில் கட்டிக்கொண்டு போனார். இந்த மணிக்கூட்டைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாவிக் குமிழைத் திருப்பிச் சாவி ஏற்ற முடியாது, கையை ஆட்டினால்தான் ஏறும். குமிழைக் கொஞ்சம் உள்ளே அமத்தினால் திகதி மாறும், முழுதாக அமத்தினால் கிழமை மாறும். மூன்றாவது, இதில் எப்போதும் ஓடுகிற வினாடி முள் கிடையாது. நடு முள் குறோனோகிராப்புக்கு உரியது. பட்டனை அமத்தும்வரை அசையாது. ‘ஓடேல்லை’ என்று சொல்லி இதைக் கழித்துவிட்ட வீடுகள் எத்தனையோ.

பின்மூடியில் உள்ள தொடர் இலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 73 என்று தொடங்கும் 6139 என்றால் 1977 மார்ச்.

கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் சீக்கோ 6138, சிட்டிசன் 8110. சுவிஸ்தான் வேண்டும் என்றால் லான்டெரோன் 48 அல்லது வல்ஜூ 7733 உள்ள, பெயர் தெரியாத கொம்பனி மணிக்கூடு ஒன்று. ரஷ்யாவின் போல்யொட் 3133 நல்ல உழைப்பாளி. வல்ஜூ 7734ஐச் செய்த கருவிகளை வாங்கிச் செய்தது அது. வல்ஜூ 72 கிடைத்தால் விடாதீர்கள். றோலெக்ஸ் டேற்றோனாவின் முதல் காலத்து இயந்திரங்களுக்கு அடிப்படை அதுதான். பெயரில்லாத கொம்பனிகளும் அதே இயந்திரத்தைப் போட்டிருக்கின்றன.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கையில் எடுத்ததும் சாவியை இரண்டு மூன்று சுற்று கொடுத்து ஓடவிடுங்கள். குறோனோகிராப்பைத் தொடக்குங்கள். முள் தொடங்கும்போது ஒரு சிறு துள்ளல் இருந்தால் பரவாயில்லை, பழைய வகைகளில் பற்கள் கடிபடும்போது அது இயல்பு. தொடக்கியதும் மணிக்கூடே நிற்கப் பார்த்தால் இயந்திரத்தில் பலம் இல்லை, கழுவி எண்ணெய் போட வேண்டும். நிற்காமல் ஓடினால் அப்படியே ஓடவிட்டுவிட்டு விற்பவரோடு கதையுங்கள், தேத்தண்ணி குடியுங்கள். அரை மணித்தியாலம் ஓட வேண்டும். நீள முள் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டைக் கடக்கும்போது நிமிட முள் ஒரு கோடு நகர்கிறதா என்று பாருங்கள். நிறுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் எல்லா முள்ளும் நேராக நிற்க வேண்டும். ஒரு கோடு தள்ளி நின்றால் முள்ளைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், அல்லது சுத்தியல் தேய்ந்திருக்கிறது.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். நமது உப்புக் காற்றில் கறள் முதலில் வருவது சாவித் தண்டைச் சுற்றியும் பட்டன்களின் உட்பக்கத்திலும்தான். செம்மண் தூள் மாதிரி மெல்லிதாக இருக்கும்.

பிறகு முகப்பு. மணிக்கூட்டின் பெறுமதியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

முகப்பு மறுபடி வர்ணம் பூசப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் எழுத்து கூர்மையாக, சீரான தடிப்பில் இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடித்து, விளிம்பு பிசுபிசுத்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேரே வருகின்றனவா என்று சுற்றிவரப் பாருங்கள். அசல் முகப்பின் சின்ன வட்டங்களுக்குள் மிக நுணுக்கமான வளையக் கோடுகள் இருக்கும். கிராமபோன் தட்டில் இருப்பது போல. வர்ணம் பூசினால் அவை அடைபட்டுவிடும். ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் தயாரிப்பு என்ற வரி காணாமல் போயிருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும். ஊதா, கிளிப்பச்சை, செம்மஞ்சள் என்று மினுங்குகிற முகப்போடு மும்பையிலிருந்து வருகிற பழைய மணிக்கூடுகளில் பெரும்பாலானவை இப்படிப் பூசப்பட்டவை. பத்து மணிக்கூட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் அவற்றில் உண்டு.

மங்கிப்போன முகப்பைப் புதிதாக்கினால் பார்க்க வடிவாக இருக்குமே?

என் மாமாவிடம் வல்ஜூ 7733 உள்ள ஒரு மணிக்கூடு இருந்தது. அவர் காலமான பிறகு மாமி அதை என்னிடம் தந்தா. முகப்பு வெள்ளையாக இருந்து மங்கி, பால் குறைந்த தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே நகத்தளவுக்கு ஒரு நிழல். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கழுவுவதற்கென்று ஒரு கடையில் கொடுத்தேன். ‘புதுசு மாதிரி ஆக்கித் தாறம்’ என்றார்கள், சரி என்றேன். பளிச்சென்ற வெள்ளையில் திரும்பி வந்தது. நிமிட வட்டத்தில் முப்பது கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுத்தான் இருந்தன. சந்தோசப்படுவா என்று மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. ‘இது அவற்ற மணிக்கூடு இல்லை, தம்பி’ என்று திருப்பித் தந்தா.

சுரண்டிய வர்ணம் திரும்பி வராது. கறை, மங்கல், நிறமாற்றம் எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள். உட்புறத்தைக் கழுவுங்கள், எண்ணெய் போடுங்கள், கண்ணாடி கீறியிருந்தால் மினுக்குங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் பற்பசையும் பருத்தித் துணியும் போதும். ஆனால் முகப்பையும் முட்களையும் தொடவிடாதீர்கள். கூட்டைப் பாலிஷ் போடக் கொடுப்பதும் பிழை. கூர்மையான விளிம்புகள் சோப் கட்டி மாதிரி மழுங்கிவிடும்.

1963 என்று முகப்பில் எழுதிய சீனக் குறோனோகிராப் பழையதா?

இன்று விற்பவை மறுதயாரிப்பு. சீனா சுவிஸ் வீனஸ் 175இன் கருவிகளை வாங்கி விமானப் படைக்குச் செய்த மணிக்கூட்டின் நினைவாக இப்போது செய்கிறார்கள். தூண் சக்கரம் உண்டு, விலையும் நியாயம். புதிய மணிக்கூடு என்று தெரிந்து வாங்கினால் நல்ல பொருள்.

முகப்பின் ஓரத்தில் நிறைய எண்கள் இருக்கின்றன. அவை எதற்கு?

மூன்று வகை. முதலாவது வேகமானி. ஏ9 வீதியில் ஒரு கிலோமீற்றர் கல்லில் தொடக்கி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். முள் காட்டுகிற எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது. 3600ஐ வினாடியால் வகுப்பதைத்தான் அந்த எண்கள் செய்கின்றன. 50 வினாடி என்றால் 72.

இரண்டாவது நாடிமானி. மருத்துவர்களுக்காக வந்தது. 15 அல்லது 30 துடிப்பு எண்ணி நிறுத்தினால் நிமிடத்துக்கு எத்தனை என்று முள் காட்டும். எத்தனை எண்ண வேண்டும் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். இத்தகைய ஒன்றை மானிப்பாய்ப் பக்கத்து ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரின் வீட்டில் கண்டேன். 1800களில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊரில் அதைக் கண்டது எனக்குத் தனிச் சந்தோசம்.

மூன்றாவது தூரமானி. வெளிச்சம் தெரிந்ததும் தொடக்கி, சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், ஆகவே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று பார்க்கலாம் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். அது பீரங்கிக்காரருக்காகச் செய்யப்பட்ட அளவு. எதிரியின் பீரங்கி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணக்கிட.

எங்கள் வீட்டில் குறோனோகிராப் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இருந்தது. பலாலி இராணுவ முகாம் பக்கம் இரவில் வானத்தின் அடியில் ஒரு மினுக்கம் தெரிந்ததும் அப்பா தன் சாதாரண மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து எண்ணுவார். நாங்கள் பங்கருக்குள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். பல வருடம் கழித்து முதன்முதலாகத் தூரமானி உள்ள ஒரு முகப்பைக் கையில் வாங்கி, சிவப்பு எழுத்தில் கிலோமீற்றர் எண்களைப் பார்த்தபோது அவருடைய வாய்தான் ஞாபகம் வந்தது. அந்த மணிக்கூட்டை நான் விற்கமாட்டேன்.

நமது வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இவற்றைக் கட்டலாமா?

கட்டலாம், கட்டத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் படக்கூடாது. முதுகில் என்ன எழுதியிருந்தாலும், ஐம்பது வருடப் பழைய றப்பர் வளையத்தை நம்பவேண்டாம். கிணற்றடிக்குப் போகும்போதும் கடலுக்குப் போகும்போதும் கழற்றிவைக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் நான் பழையதைக் கட்டுவதில்லை. வியர்வை பட்டன் துவாரம் வழியாக உள்ளே போகும். மலிவான கூடுகள் பித்தளையின்மேல் குறோம் பூசியவை. வியர்வை பட்ட இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். கழற்றியதும் பின்மூடியைத் துடைத்துவைப்பதைப் பழக்கமாக்குங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இறுக்கமாக மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு வையுங்கள். கண்ணாடிக்குள் பனி படிந்தால் அரிசிக்குள் புதைக்காமல் அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள்.

திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் முந்துகிறது. ஏன்?

பெரும்பாலும் காந்தம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அல்லது காந்தப் பூட்டு உள்ள தொலைபேசி உறைக்குமேல் வைத்திருப்பீர்கள். ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி ஆடும். காந்தம் நீக்கும் சின்னக் கருவியில் சில வினாடிகளில் சரியாகிவிடும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு ஆபத்தா?

1960களுக்கு முந்தியதில் இருப்பது ரேடியமாக இருக்கலாம். அது ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் ஆகும். மூடிய மணிக்கூட்டைக் கட்டுவதில் நான் பயப்படுவதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவதும், தூளை ஊதுவதும், சுவாசிப்பதும்தான் ஆபத்து. குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

யார் திருத்துவார்கள்? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை?

அடிக்கடி கட்டுவதென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. எல்லாத் துண்டையும் கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். முழு இயந்திரத்தையும் பெற்றோலில் முக்கி எடுத்து ஊதிக் கொடுப்பது பழைய அவசர வழி, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடை விறாந்தைகளில் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு இருந்து திருத்துகிறவர்கள் முன்பு பலர். இப்போது பற்றறி மாற்றுகிறவர்கள்தான் அதிகம். குறோனோகிராப்பைத் துணிந்து கழற்றக்கூடிய முதியவர்கள் மிகச் சிலர். நான் போகிற ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. லென்ஸை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஒருநாள் பக்கத்தில் இருத்தி, எண்ணெய் போடுவதைக் காட்டினார். ஊசி நுனியில் நின்ற துளியைக் கண்ணால் காண முடியவில்லை, வெளிச்சம் பட்டுத்தான் தெரிந்தது. ‘கனக்க விட்டா வழிஞ்சு போயிடும் தம்பி, ஒழுகின இடத்தில தூசி பிடிக்கும். இவ்வளவும் காணும்’ என்றார். துண்டுகளை அவர் கழற்றிய ஒழுங்கில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வட்டமாக வைத்திருந்தார். மின்விசிறியைப் போடவிடவில்லை. அப்படிப்பட்டவர் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். உங்கள் வீட்டில் கை நடுங்காத, பொறுமையுள்ள பிள்ளை இருந்தால் அவரிடம் பழக அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள்.

நேரம் எவ்வளவு சரியாகக் காட்டும்?

நன்றாகக் கழுவிய பழைய மணிக்கூடு ஒரு நாளில் இருபது வினாடிக்குள் நின்றால் எனக்குத் திருப்தி.

விலை ஏறுமா? முதலீடாக வாங்கலாமா?

நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டொலருக்கு மேல் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. காசுக்காக என்றால் வேண்டாம். விற்க அவசரப்படும் நாளில் இங்கே வாங்க ஆள் இருக்காது.

வாங்கியதும் வேறு என்ன செய்ய வேண்டும்?

ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, அவருக்கு எப்படி வந்தது, முதல் ஆள் என்ன வேலை பார்த்தார், எங்கே கட்டிக்கொண்டு போனார். விற்பவரிடம் கேட்காமல் விட்டால் அடுத்த முறை கேட்க அவர் இருக்கமாட்டார்.

என் கொப்பியில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு அம்மாவிடம் வாங்கிய சீக்கோ 6139, நீல முகப்பு. அவருடைய கணவர் லொறி ஓட்டியவர். 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம், இங்கே புதிய நேரம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அவர் முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்து யாழ்ப்பாணம் வரும்போதெல்லாம் முள்ளை அரை மணித்தியாலம் முன்னே திருப்புவார், திரும்பிப் போகும்போது பின்னே. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பும்வரை அப்படி. ‘சாமான் இறக்கிறதுக்கு முதல் அதைத்தான் செய்வார்’ என்று அந்த அம்மா சொன்னா. குமிழின் பற்கள் ஒரு பக்கம் மழுங்கியிருந்தன. திருத்துகிற ஐயா புதுக் குமிழ் ஒன்று இருக்கிறது, போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.